ஒரு வீட்டுக்கு ஒரு பென்ஷன்

அன்பு மகள் தர்ஷினிக்கு,

சனிக்கிழமை காலையில் அம்மா கொமியூட்டர் ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து உன் வாடகை வீட்டுக் கதவைத் தட்டும்போது, மீன் குழம்பு டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். முதலில் குழம்பை எடுத்துக் குளிர்பெட்டியில் வை. பிறகு உட்கார்ந்து படி. வாட்சாப்பில் நான் நீளமாக எதையாவது அனுப்பினால் நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். காகிதத்துக்கு அப்படிச் செய்ய முடியாது பார். முப்பத்து மூன்று வருடம் அரசாங்கத்தின் சாலைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து, இடிந்த பாலத்துக்கும் உடைந்த கால்வாய்க்கும் அறிக்கை எழுதிய கை இது. சுருக்கமாக எழுத அதற்கு வராது. பொறுத்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணச் செலவுக்காக உன் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கப் போகிறாய். திங்கட்கிழமை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாய். தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் மாதாமாதம் உன் சம்பளத்தில் பிடித்த பணம், இப்போது அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் பிடிக்கும் பணம், எல்லாம் உன் முதுமைக்கு என்று சேர்ந்து கிடப்பது. அதை எடுக்கச் சொன்னவன் நான். அந்தச் சொல்லை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சும்மா வாங்கிக்கொண்டால் உனக்கு விளங்காது. ஏன் சொன்னேன், ஏன் சொல்லியிருக்கக் கூடாது என்று முழுக்க எழுதினால்தான் என் மனசும் ஆறும்.

போன மாதம் கிள்ளானில் அந்தப் பெரிய மண்டபத்துக்கு நான் முன்பணம் கட்டிவிட்டு வந்த அன்று உனக்கு நினைவிருக்கும். ஆயிரம் பேர் உட்காரலாம், குளிர்சாதனம், மேடைக்கு மேலே பூப்பந்தல் தானாக இறங்கி வரும் என்றெல்லாம் தலைகால் புரியாமல் பேசிக்கொண்டிருந்தேன். நீ மெதுவாக, "அவ்ளோ பெருசா வேணுமாப்பா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "நீதான் கவர்மெண்ட்ல சேர்ந்துட்டியே. கடைசியில பென்ஷன் வரப்போவுது. சேமநிதி எதுக்குச் சும்மா கெடக்குது? எடு லா." உன் முகம் ஒரு மாதிரி ஆனது. "சரிப்பா" என்றாய். அந்த "சரிப்பா" என்னும் ஒரு வார்த்தையில் நீ எவ்வளவு விழுங்கினாய் என்பது எனக்கு நிச்சயதார்த்தத்தன்றுதான் தெரிந்தது.

சுபாங் ஜெயாவில் மாப்பிள்ளை வீட்டு ஹாலில் நான் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விக்னேஷின் பெரியப்பா, நல்ல மனிதர், பேச்சுக்கு, "பொண்ணுக்கு எங்க வேலைங்க?" என்று கேட்டார். எனக்கு அது போதும். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "கவர்மெண்ட் ஆஸ்பத்திரிங்க. பென்ஷன் வேல. எங்க குடும்பத்துல மூணாவது தலைமுறை. கடைசிவரைக்கும் கவலையே கெடையாது" என்றேன். நீ பலகாரத் தட்டோடு பக்கத்தில் நின்றாய். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு சொன்னாய்: "இல்ல பெரியப்பா. இப்ப புதுசா சேர்றவங்களுக்குப் பென்ஷன் கெடையாது. எங்களுக்கும் சேமநிதிதான்."

அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ நம்ம விக்னேஷ் மாதிரிதான், நல்லதுதானே" என்று முறுக்கை எடுத்துக் கடித்தார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்கோ காது இரண்டும் சூடாகிவிட்டது. நீ வேலையில் சேர்ந்த நாளிலேயே இதை என்னிடம் சொல்லியிருக்கிறாய். இரண்டு தடவை சொன்னதாக அம்மா சொல்கிறாள். என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அரசாங்க வேலை என்றால் பென்ஷன் என்றே வளர்ந்தவன் நான். சட்டம் மாறும், சம்பளம் மாறும், ஆனால் அது மாறும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உன் தாத்தா ரயில்வேயில் தண்டவாளம் பார்த்த தொழிலாளி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில்தான் நான் பிறந்தேன் என்று உனக்குத் தெரியும். பென்ஷன் வரும் நாளில் அவர் முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வாங்கப் போவார். "யாருகிட்டயும் கை நீட்டாம போய்ச் சேருவேன்டா" என்பார். சின்னத் தொகைதான். ஆனால் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பென்ஷன் என்பது பணமாகத் தெரியவில்லை, மானமாகத் தெரிந்தது.

திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் நீதான் கார் ஓட்டினாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உன் மேல் கோபம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தேன். புது ஆள்களை ஏமாற்றிவிட்டார்கள், உழைக்கிறவன் வயிற்றில் அடிக்கிறார்கள், எங்கள் காலத்தில் இப்படியா என்று பத்து தீகா வரைக்கும் ஓயவில்லை. நீ சிக்னலைப் போட்டு இடது பக்கம் ஒதுங்கியபடி சொன்னாய்.

"ஏமாத்தலப்பா. யோசிச்சுப் பாருங்க. உங்க பென்ஷனுக்கு நீங்க மாசாமாசம் ஏதாச்சும் கட்டுனீங்களா?"

"நா எதுக்குக் கட்டணும்? கவர்மெண்ட் குடுக்குது."

"கவர்மெண்டுக்கு எங்கேருந்து வருது? இப்ப வேல செய்யுறவங்க வரியிலேருந்துதான். அந்தக் காலத்துல ரிட்டயர் ஆனா பத்து பதினஞ்சு வருசம். இப்ப எம்பது, தொண்ணூறு வரைக்கும் இருக்காங்க. இருக்கணும், நல்லா இருக்கணும். ஆனா வீட்டுக்கு ஆறு பிள்ளைங்க இருந்த காலம் போய் ஒண்ணு ரெண்டுதான் இருக்கோம். எல்லாருக்கும் அப்படியே குடுத்துக்கிட்டே இருந்தா யாருப்பா கட்டுறது?"

"அப்போ நா ஓசியில சாப்புடுறேங்குறியா?"

"நா அப்படிச் சொல்லல. நீங்க ஒரு சென் கூடக் கட்டல, அத மட்டுந்தான் சொல்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவு நேரமும் தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்த உன் அம்மா.

"நா கட்டுனேன்."

இரண்டே சொல். நீ கண்ணாடியில் அவளைப் பார்த்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பண்டமாரானில் நம் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் முதல் ஆளாக இறங்கி உள்ளே போய்விட்டேன். "அம்மா என்னப்பா சொன்னாங்க?" என்று அன்றும் கேட்டாய், மறுநாள் போனிலும் கேட்டாய். ஒன்றுமில்லை என்று இரண்டு தடவையும் மழுப்பினேன். இனி மழுப்பப் போவதில்லை.

உன் அம்மாவும் அரசாங்க வேலையில் இருந்தவள்தான் என்பது உனக்குத் தெரியும், கிள்ளானில் கிளினிக்கில் கிளார்க். ஆனால் அவளுக்கு ஏன் பென்ஷன் இல்லை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. எங்கள் காலத்தில் வேலை உறுதியான பிறகு ஒரு படிவம் வரும். இரண்டு கட்டம். ஒன்றில் டிக் அடித்தால் பென்ஷன்: ஓய்வு பெற்ற பிறகு சாகும்வரை மாதாமாதம். இன்னொன்றில் டிக் அடித்தால் சேமநிதி: சம்பளத்தில் பிடிப்பார்கள், அரசாங்கமும் தன் பங்கைப் போடும், சேர்ந்ததை ஐம்பத்தைந்து வயதில் எடுக்கலாம், வீடு வாங்கவும் பிள்ளை படிப்புக்கும் நடுவிலேயே கொஞ்சம் எடுக்கலாம். ஒரு தடவை போட்ட டிக்கைப் பிறகு மாற்ற முடியாது. கல்யாணமான இரண்டாம் வருடம், எனக்கும் அவளுக்கும் சில மாத இடைவெளியில் அந்தப் படிவம் வந்தது. எனக்கு நான் பென்ஷனில் டிக் அடித்தேன். யோசிக்கவே இல்லை, தாத்தாவின் வெள்ளைச் சட்டை கண்ணுக்கு முன்னால் நின்றது.

அவளுடைய படிவம் வந்த அன்று சாயங்காலம், வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலால் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்து அதை என் பக்கம் இழுத்தேன். "ஒரு வீட்டுக்கு ஒரு பென்ஷன் போதும்" என்றேன். "உன்னோடது சேமநிதியில இருந்தா வீட்டுக்கு முன்பணம் எடுக்கலாம். வாடகைக்குக் கொட்டுறது நிக்கும்." அவள், "ஒரு வாரம் யோசிச்சுட்டுச் சொல்றேனே" என்றாள். அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு அந்தத் தண்டனை வேண்டும். "யோசிக்க என்ன இருக்கு? அதான் நா இருக்கேன்ல." டிக் அடித்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். போட்டாள்.

கணக்குப்படி நான் சொன்னதில் தவறு கிடையாது, தர்ஷினி. அதுதான் இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றியது. பண்டமாரான் வீட்டுக்கு முன்பணம் அவள் சேமநிதியிலிருந்து வந்தது. நீ ரேடியோகிராஃபி படிக்கப் போனபோது முதல் இரண்டு வருடக் கட்டணமும் அதிலிருந்துதான். ஐம்பத்தைந்தில் மிச்சம் இருந்ததை எடுத்து ஒழுகிய கூரையை மாற்றினோம், பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறு கார் எடுத்தோம். அந்தக் காரை நான்தான் ஓட்டுகிறேன், அவளுக்கு லைசென்ஸ் கிடையாது. அதற்குப் பிறகு அவள் பெயரில் பெரிதாக ஒன்றும் இல்லை. நானோ மாதம் பிறந்தால் ராஜா. வீட்டுப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது, ஆனாலும் தெருவில் அது என் வீடு. கோயிலில் என்னைப் பென்ஷன்காரர் என்று கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். அவள் பின்னால் பெண்களோடு வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருப்பாள்.

பென்ஷன் நாளில் நான் ஒரு விளையாட்டு விளையாடுவேன், நீயும் பார்த்துச் சிரித்திருக்கிறாய். பணத்தை எடுத்து வந்து வீட்டுச் செலவுக்கு ஒரு கவரில் போட்டுச் சாமி மாடத்தில் வைப்பேன். அவள் சமையலறையிலிருந்து, "வந்துருச்சா?" என்பாள். தன் கைச்செலவுக்கு. நான் ஐம்பது வெள்ளிப் பணத்தாள்கள் இரண்டை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, "இந்தாங்க மேடம், உங்க சம்பளம்" என்று நீட்டுவேன். சமயத்தில், "போன மாசம் குடுத்தது என்னாச்சு?" என்று கிண்டலும் செய்வேன். அவளும் சிரிப்பாள். யாரிடமும் கை நீட்டாமல் வாழ்வதே மானம் என்று சொன்ன மனிதரின் மகன், தன் மனைவியை மாதாமாதம் கை நீட்ட வைத்து அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. வரட்டும்.

இன்னொன்று. "நா போனாலும் பென்ஷன் உனக்கு வரும், பயப்படாத" என்று அவளிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உண்மைதான், மனைவிக்கு வரும். நிச்சயதார்த்தம் முடிந்து வந்த வாரம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்: "அப்போ எனக்குன்னு ஒரு வருமானம் வரணும்னா நீங்க சாகணுமா?" கோபமாகக் கேட்கவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். 

நீ காரில் சொன்னதற்கு இப்போது பதில் சொல்கிறேன். முழுக்க உன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்காதே, உன் அப்பனுக்கு இன்னும் கொஞ்சம் வாய் இருக்கிறது. நான் ஓசியில் சாப்பிடவில்லை. வெள்ளம் வந்தால் இடுப்பளவு தண்ணீரில் நின்று கால்வாய் அடைப்பைப் பார்த்தவன் நான். வெளியே கம்பெனிகளில் என்னைவிடக் கூடச் சம்பளம் கொடுத்தார்கள். போகவில்லை. கடைசியில் பென்ஷன் உண்டு என்று ஒரு வாக்குக் கொடுத்தார்கள், அந்த வாக்கை நம்பிக் குறைந்த சம்பளத்தில் இருந்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் நீ கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது, அது எனக்கு ஃபெடரல் ஹைவேயில் உறைக்கவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வாக்குக் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், கட்டப் போகிறவர் வேறு யாரோ. கட்டப் போகிறவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நீ அப்போது பிறக்கவே இல்லை. நாங்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டோம். உனக்கு இலை போடும்போது பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

போன வருடம் பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் தொகையை உயர்த்து என்று நானும் கையைத் தூக்கினேன். தூக்கியது தப்பில்லை, விலைவாசி அப்படி. ஆனால் யார் பையிலிருந்து என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணனைப் பார். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டியவர், எழுபதாகிறது, இன்னும் சின்ன லோரி ஓட்டுகிறார். அவர் முதலாளிகள் யாரும் அவருக்குச் சேமநிதி பிடிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. காலையில் வாசலில் நான் பேப்பர் படிப்பதைப் பார்த்தால், "ஒனக்கென்ன லா தம்பி, தூங்குனாலும் சம்பளம்" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்புவார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வேன். அவர் மாற்றும் டயரிலும் குடிக்கும் தேநீரிலும் அரசாங்கத்துக்கு ஏதோ ஒன்று போகிறது, அதில் ஒரு துளி என் கணக்குக்கு வருகிறது. எனக்குத் தருகிறவர்களில் ஒன்றுமே கிடைக்காத அவரும் ஒருவர். நீ இளையவர்களைப் பற்றிப் பேசினாய். நான் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். இதற்கு வழி என்ன என்று எனக்குத் தெரியாது, நான் மந்திரி இல்லை. உன் வயதுக்காரர்கள் எங்களைவிட நன்றாகக் கேள்வி கேட்கிறீர்கள். கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

என் வீட்டுக்குள் நடந்ததற்கு மட்டும் எனக்கு வழி தெரியும். நாட்டில் நடப்பதாக நீ சொன்னதும் எங்கள் வீட்டில் நடந்ததும் ஒன்றுதான். ஒருத்தி போட்டதில் ஒருத்தன் நிம்மதியாக இருந்தான், அவளிடம் கேட்காமலே. அதனால் போன வாரம் இரண்டு வேலை செய்தேன்.

முதல் வேலை, அந்தப் பெரிய மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது, பரவாயில்லை, என் ஆணவத்துக்கு அபராதம். நம் கோயில் மண்டபத்தில் முந்நூறு பேர் உட்காரலாம். அந்த முந்நூறு பேரும் இந்த வருடம் ஒரு தடவையாவது நம் வீட்டு வாசலை மிதித்தவர்கள். மீதி எழுநூறு பேர் என் பென்ஷன்கார நண்பர்களும் அவர்களின் நண்பர்களும்தான், என் பவிசைப் பார்க்க வர வேண்டியவர்கள். விக்னேஷ் வீட்டில் நானே போய்ப் பேசினேன். பெரியப்பா, "நல்ல காலம், எங்களுக்கும் அவ்ளோ கூட்டம் பயமா இருந்துச்சு" என்றார். ஆகவே நீ பணம் எடுக்க நான் கொடுத்த காரணம் இப்போது இல்லை. எடுக்காதே என்று கட்டளையிட எனக்கு வாய் துறுதுறு என்கிறது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்தச் சாப்பாட்டு மேசையில் உன் கையைப் பிடித்து மறுபடியும் நானே டிக் அடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். உனக்குப் பென்ஷன் இல்லை. அறுபது வயதில் உனக்கு வெள்ளைச் சட்டை போடப் போவது அந்தப் பணம்தான். வீடு வாங்குவதானால் அது நீயும் விக்னேஷும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. இருவரும் போடுங்கள், இருவரும் படியுங்கள். நல்ல பையன்தான் அவன், நானும் நல்லவனாகத்தான் இருந்தேன். எங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் அதில் கை வைக்காதே. எங்களுக்கு வருவது போதும்.

இரண்டாவது வேலைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிள்ளானில் என் பேங்குக்குப் போனேன். மாதாமாதம் பென்ஷன் வந்தவுடன் பாதி தானாக அவள் கணக்குக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. அதற்கு அவள் பெயரில் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் படிவத்தை நீட்டினாள். பழக்கதோஷம், நான் அதை என் பக்கம் இழுத்துச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அம்மா என் கைக்கு மேலே தன் கையை வைத்து, "குடுங்க, நானே எழுதுறேன்" என்றாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கம். எங்களுக்குப் பின்னால் நம்பர் ஏறிக்கொண்டே இருந்தது, ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்தார். கவுன்ட்டர் பெண், "ஆன்டி, அது எல்லாம் சாதாரண கண்டிஷன்தான், சைன் பண்ணலாம்" என்றாள். "ஒரு நிமிசம்மா, படிச்சிடறேன்" என்றாள் உன் அம்மா. அன்று கேட்ட ஒரு வாரத்தை இன்று ஒரு கால்மணி நேரமாக எடுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். அவ்வளவு பெருமையாக நான் எங்கேயும் நின்றதில்லை, உன் பட்டமளிப்பு விழாவில்கூட.

உன்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது. பென்ஷன் இல்லை என்று தெரிந்துதான் நீ தனியார் வேலையை விட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க வர்றவங்களுக்கு வேற எடம் இல்லப்பா" என்றாய். தாத்தாவும் நானும் வாக்கை நம்பிச் சேர்ந்தோம். நீ வாக்கு இல்லாமலே சேர்ந்தாய். அன்று அத்தனை பேர் முன்னால், உன் கல்யாணப் பேச்சில், அப்பனின் பொய்ப் பெருமையைக் காப்பாற்றாமல் உள்ளதைச் சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. இப்போது அதை யாரிடமாவது சொல்லிக்காட்ட ஆசையாக இருக்கிறது. முனியாண்டி அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மூன்றாவது தலைமுறை என்று அன்று மார்தட்டியதை நான் வாபஸ் வாங்கவில்லை. நம் வீட்டில் மூன்று பேரில் நீதான் பெரியவள்.

பேங்கிலிருந்து வெளியே வந்ததும் லிட்டில் இந்தியா ஒட்டுக்கடையில் தேநீர் குடித்தோம். அம்மா, "இன்னிக்கு நா வாங்கித் தரேன்" என்றாள். இந்த மாதப் பாதியை அன்றே அவள் புதுக் கணக்கில் போட்டிருந்தேன், அதிலிருந்து எடுத்த பத்து வெள்ளித் தாளை நீட்டினாள். கடைக்காரத் தம்பி பாக்கிச் சில்லறையை எடுத்துப் பழக்கத்தில் என் பக்கம் நீட்டினான். நான் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் புரியாமல் விழித்தான். "தம்பி, காசு குடுத்தது நானு" என்று சொல்லி உன் அம்மா கையை நீட்டினாள்.

அப்பா
பண்டமாரான்